நெம்புகோலை அளந்த அறிஞர்

சிசிலித் தீவின் கிழக்குக் கரையில் சிரக்கூஸ் என்னும் துறைமுக நகரம் உள்ளது. இன்று அது இத்தாலி நாட்டைச் சேர்ந்தது; முற்காலத்தில் கிரேக்கர் குடியேறி வாழ்ந்த நகரம். அங்கு ஏறத்தாழக் கி.மு. 287ஆம் ஆண்டில் ஆர்க்கிமிடிஸ் பிறந்தார். எகிப்தின் அலெக்சாந்திரியா நகரத்து அறிஞர்களோடு அவர் மடல்வழித் தொடர்பு கொண்டிருந்தார். தாம் கண்ட கணித உண்மைகளை அவர்களுக்கு எழுதி அனுப்பினார்.

அவர் பெயரைக் கேட்டவுடன் குளியல் தொட்டியும் பொன்முடியும் பலருக்கு நினைவில் எழும். அக்கதையோ அவர் மறைந்து ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட நூலில்தான் காணப்படுகிறது. அவரே இயற்றிய நூல்களில் நெம்புகோல் பெற்ற இடம் பெரிது.

கடப்பாரையால் பாறையைப் புரட்டுதல் அவருக்கு முன்பே மக்கள் அறிந்த தொழில்தான். அது ஏன் புரள்கிறது, எவ்வளவு விசை வேண்டும் என்பதைக் கணித முறையில் நிறுவ அவர் முற்பட்டார். சம எடைகள் சம தொலைவில் தொங்கினால் கோல் சாயாது என்னும் எளிய கருத்திலிருந்து தொடங்கினார். எடை மிகுந்தால் அதற்கேற்பத் தொலைவு குறைய வேண்டும் என்று படிப்படியாக மெய்ப்பித்தார்.

இக்கால இயற்பியல் இதனைத் திருப்புத்திறன் என்னும் சொல்லால் விளக்குகிறது. விசையை, சுழல்புள்ளிக்கும் அவ்விசை செல்லும் கோட்டிற்கும் இடையேயுள்ள செங்குத்துத் தொலைவால் பெருக்கினால் திருப்புத்திறன் கிடைக்கும். நடுவில் தாங்கப்பட்ட ஒரு சீசாப் பலகையை எண்ணிப் பாருங்கள். இடப்பக்கம் 1.5 மீட்டர் தொலைவில் 400 நியூட்டன் எடையுள்ள சிறுவன் அமர்ந்துள்ளான். அவனது திருப்புத்திறன் 600 நியூட்டன் மீட்டர். அது பலகையை இடஞ்சுழியாகத் திருப்பும். வலப்பக்கம் 2 மீட்டர் தொலைவில் 250 நியூட்டன் எடையுள்ள தங்கை அமர்ந்துள்ளாள். அவளது திருப்புத்திறன் 500, அது வலஞ்சுழி. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் நிகரத் திருப்புத்திறன் 100. ஆகவே சிறுவனின் பக்கமே தாழும். 100 நியூட்டன் எடையுள்ள தம்பியை வலப்பக்கம் 1 மீட்டர் தொலைவில் அமர்த்தினால் நிகரம் சுழியாகும். பலகை சமனிலை அடையும். அதே தம்பியைச் சுழல்புள்ளியின் மேலேயே அமர்த்தினால் யாதொரு பயனும் இல்லை. அங்கே தொலைவு சுழி அன்றோ? பலகையின் சொந்த எடையும் இக்காரணத்தாலேயே கணக்கில் சேரவில்லை.

முதுமையில் இவ்வறிவு அவருக்குப் போர்க்கருவி ஆயிற்று. உரோமானியத் தளபதி மார்செல்லஸ் கடல்வழியாகவும் தரைவழியாகவும் சிரக்கூஸை முற்றுகையிட்டார். ஆர்க்கிமிடிஸ் அமைத்த பெரிய மரத்தூண்கள் மதிலைத் தாண்டிக் கடலின்மேல் நீண்டன. தூணின் முனையில் தொங்கிய இரும்புக்கை கப்பலின் முன்பகுதியைப் பற்றும். மதிலுக்கு உட்புறம் உள்ளோர் தூணின் மறுமுனையைக் கீழே அழுத்துவர். கப்பல் செங்குத்தாக எழும். பிடியை விட்டவுடன் அது கவிழும், அல்லது நீரில் அமிழும். அஞ்சிய உரோமானியர் நேர்த்தாக்குதலைக் கைவிட்டு, நகருக்குள் உணவு செல்லாதவாறு சூழ்ந்து காத்திருந்தனர்.

கி.மு. 212இல் நகரம் வீழ்ந்தது. வடிவியல் படம் ஒன்றில் ஆழ்ந்திருந்த முதியவரை உரோமானிய வீரன் ஒருவன் வெட்டிக் கொன்றான் என்பர். மார்செல்லஸ் அதற்காக வருந்தினார். ஆர்க்கிமிடிஸ் விரும்பியபடியே அவர் கல்லறையில் ஓர் உருளையும் அதனுள் பொருந்திய கோளமும் செதுக்கப்பட்டன. கோளத்தின் கனஅளவு உருளையினதில் மூன்றில் இரு பங்கு என்பது அவர் கண்ட உண்மை. கி.மு. 75இல் சிசிலியில் பணியாற்றிய சிசரோ, முட்புதர் மூடிக் கிடந்த அக்கல்லறையைத் தேடிக் கண்டார்.

அவருடைய நூல் ஒன்றும் இவ்வாறே மறைந்து கிடந்தது. தோல் ஏட்டில் எழுதப்பட்டிருந்த அதனைச் சுரண்டி அழித்து, அதன்மேல் பிற்காலத்தார் வழிபாட்டு உரைகளை எழுதியிருந்தனர். டென்மார்க்கு அறிஞர் ஹைபெர்க் 1906இல் கான்ஸ்டாண்டினோபிளில் அந்த மங்கிய எழுத்துகளைப் படித்தார். கோளத்தின் கனஅளவை ஆர்க்கிமிடிஸ் முதலில் எவ்வாறு கண்டார் என்பது அதனால் தெரிய வந்தது. கோளத்தை மெல்லிய தகடுகளாக மனத்தில் அறுத்து, அவற்றைக் கற்பனை நெம்புகோல் ஒன்றில் தொங்கவிட்டு அவர் நிறுத்துப் பார்த்திருந்தார்.