மதராஸ் சாப்பாட்டுக்கு கடைசி இடம்! குன்னூரில் எலிகளை வைத்து சோதித்த டாக்டர்: யார் இந்த மெக்கரிசன்?

குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்குப் போனவர்கள் பக்கத்திலேயே இருக்கும் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டை பார்த்திருப்பீர்கள். வெறிநாய்க்கடி சிகிச்சைக்காக 1907-ல் தொடங்கிய இடம் என்பது பலருக்குத் தெரியும். ஆனா, ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பிறந்ததும் இங்கேதான், அதுவும் ஒரே ஒரு அறையில் என்பது நீலகிரிக்காரர்களிலேயே நிறைய பேருக்குத் தெரியாது.

அந்த நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், நாட்டின் மொத்த நோய்ச் சுமையில் 56.4 சதவீதத்துக்கு தவறான உணவுமுறைதான் காரணம் என்று மதிப்பிட்டது. செய்தி வந்தபோது பலரும் அதிர்ச்சியாகப் பகிர்ந்தார்கள். இதே விஷயத்தை சுமார் 100 வருஷத்துக்கு முன்பே குன்னூரில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தவர் ராபர்ட் மெக்கரிசன்.

யார் இவர்?

1878 மார்ச் 15-ல் அயர்லாந்தின் போர்ட்டடவுன் ஊரில் பிறந்தவர். பெல்ஃபாஸ்ட்டில் மருத்துவம் படித்து 1900-ல் பட்டம் பெற்றார். அடுத்த வருஷமே பிரிட்டிஷ் அரசின் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து கப்பல் ஏறிவிட்டார். முதலில் போன இடம் வடமேற்கு எல்லையில் இருக்கும் சித்ரால், பிறகு கில்கிட். இன்று இரண்டுமே பாகிஸ்தான் வசம் இருக்கும் மலைப்பகுதிகள்.

கில்கிட்டில் அவர் கண்ணில் பட்டது முன்கழுத்துக் கழலை நோய். ஒரே வாய்க்கால் தண்ணீரைக் குடிக்கும் கிராமங்களில், மேலே இருக்கும் கிராமத்தைவிட கீழே இருக்கும் கிராமங்களில் நோய் அதிகமாக இருந்தது. தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட்டவர், அந்த அசுத்தத் தண்ணீரின் கசடை தானே குடித்துப் பார்த்தார். தன்னார்வலர்களும் குடித்தார்கள். சிலருக்கு கழுத்து வீங்கவும் செய்தது! கிருமிதான் காரணம் என்று அவர் நம்பினார். அயோடின் குறைபாடுதான் முக்கியக் காரணம் என்பது பின்னாளில் உறுதியானது. அந்த விஷயத்தில் மனிதர் கொஞ்சம் தடம் மாறித்தான் போனார்.

அரிசியும் பெரிபெரியும்

1918-ல் குன்னூர் வந்தார். கையில் இருந்த வேலை, பெரிபெரி நோய்க்குக் காரணம் கண்டுபிடிப்பது. கால் மரத்துப்போகும், வீங்கும், கடைசியில் இதயமே நின்றுவிடும். மதராஸ் மாகாணத்தின் வடக்குப் பக்கம், அதாவது இன்றைய கடலோர ஆந்திராவில் இது அதிகம். தமிழ்ப் பகுதிகளில் குறைவு. இரண்டு பக்கமும் அரிசிதானே சாப்பிடுகிறார்கள், அப்புறம் என்ன வித்தியாசம்?

வித்தியாசம் அரிசியைத் தயார் செய்யும் விதத்தில் இருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடும். அதனால் புழுங்கல் அரிசியில் ஓரளவு சத்து தங்கும். மில்லில் நன்றாகத் தீட்டிய பச்சரிசியில் தவிட்டோடு சத்தும் போய்விடும். அதையும் நாலு தண்ணி விட்டு களைந்து, கஞ்சியை வடித்துக் கொட்டினால் மிச்சம் என்ன இருக்கும்? நம் பாட்டிமார்கள் கழனித் தண்ணியையும் வடிகஞ்சியையும் மாட்டுக்கு ஊற்றியதில் மாடுகள் பாக்கியசாலிகள்!

1923-ல் அரசு செலவைக் குறைக்கிறோம் என்று இந்த ஆராய்ச்சியையே இழுத்து மூடியது. இரண்டு வருஷம் கழித்துதான் மறுபடி தொடங்க முடிந்தது. சில வருஷங்களில் அதுவே முழுமையான ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது, மெக்கரிசன் முதல் இயக்குநர் ஆனார்.

எலிகளுக்கு ஏழு ஊர் சாப்பாடு

அவர் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது எலி சோதனைதான். ஒரே வயது, ஒரே எடை உள்ள எலிக் குட்டிகளைக் குழுக்களாகப் பிரித்தார். கூண்டு, காற்று, வெளிச்சம், சுத்தம் எல்லாம் ஒன்றுதான். சாப்பாடு மட்டும் வேறு வேறு. சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி, மதராஸி என்று ஏழு வகை.

ரிசல்ட்? முழு கோதுமை சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி, எப்போதாவது கறி என சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் சராசரியாக 235 கிராம் எடையோடு முதலிடம். தீட்டிய அரிசியை மையமாக வைத்த மதராஸ் சாப்பாட்டு எலிகள் 155 கிராமில் கடைசி இடம்.

கொஞ்சம் கோபம் வரத்தான் செய்யும். ஆனா அவர் இதை எப்படிப் படித்தார் என்பதுதான் முக்கியம். சில சமூகங்கள் பிறவியிலேயே வீரம் மிக்கவை, மற்றவை பலவீனமானவை என்று பிரிட்டிஷ் ராணுவம் ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. எல்லா எலியும் ஒரே இனம், மாறியது தட்டு மட்டும்தான். அப்படியென்றால் உடல் வாகுக்குக் காரணம் ரத்தமா, சாப்பாடா? மெக்கரிசனின் பதில் சாப்பாடு. குறை அரிசி என்ற தானியத்திலேயே இருக்கிறது என்றும் அவர் முடிவு கட்டவில்லை. அதைத் தீட்டித் தீட்டி வெளுப்பாக்கியதும், கூடவே பால், கீரை, காய் குறைவாக இருந்ததும் சேர்ந்துதான் பிரச்னை.

இங்கிலாந்துக்காரர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஏழை ஆங்கிலேயரின் சாப்பாடான வெள்ளை ரொட்டி, மார்கரின், டின் இறைச்சி, ஜாம், சர்க்கரை போட்ட டீ ஆகியவற்றை இன்னொரு குழுவுக்குக் கொடுத்தார். அந்த எலிகள் வளரவில்லை, ஒன்றையொன்று கடித்தன, இரண்டு மாதத்தில் பலவீனமானவற்றைக் கொன்று தின்னவே ஆரம்பித்துவிட்டன.

நல்ல சாப்பாட்டில் இரண்டேகால் வருஷம், அதாவது மனிதக் கணக்கில் சுமார் 50 வயது வரை வளர்த்த 1,189 எலிகளில் நோய் என்று சொல்ல எதுவுமே இல்லை என்று பதிவு செய்தார். குறைபாடான சாப்பாடு சாப்பிட்ட 2,243 எலிகளை அறுத்துப் பார்த்தபோது நுரையீரல், வயிறு, சிறுநீரகம் என்று நோய் இல்லாத உறுப்பே இல்லை. மற்ற டாக்டர்கள் நோய் ஏன் வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தபோது, ஆரோக்கியமானவன் ஏன் ஆரோக்கியமாக இருக்கிறான் என்று தேடியவர் இவர்.

மண் வரைக்கும் போனார். கோவையில் அரசு வேளாண் வேதியியலாளராக இருந்த பி.விஸ்வநாத்தோடு சேர்ந்து, தொழு உரம் போட்ட வயலில் விளைந்த தானியத்தையும் ரசாயன உரம் போட்டு விளைந்ததையும் ஒப்பிட்டு 1926-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இயற்கை விவசாயம் பேசுகிறவர்கள் இன்றும் இதை எடுத்துக்காட்டுகிறார்கள்.

விடுபட்ட கேள்வி

பால், வெண்ணெய், காய்கறி எல்லாம் சரி. வாங்கக் காசு? குன்னூரைச் சுற்றி இருந்த தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்த தொழிலாளி வீட்டில் வெண்ணெய்க்கு எங்கே போவது? எலிக்கு சாப்பாடு கூண்டுக்கே வந்துவிடும், மனிதருக்கு அப்படி வராது. மெக்கரிசனின் ஆராய்ச்சியில் இந்தக் கேள்விக்குப் பெரிய இடமில்லை என்றே சொல்ல வேண்டும்.

1935-ல் மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்று அவர் இங்கிலாந்து திரும்ப, பொறுப்புக்கு வந்த வாலஸ் அய்க்ராய்டு அந்தப் பக்கம் திரும்பினார். ஏழை வீடுகளின் சாப்பாட்டைக் கணக்கெடுத்தார். விடுதிக் குழந்தைகளுக்கு விலை குறைந்த, கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கரைத்துக் கொடுத்துப் பார்த்ததில் உயரமும் எடையும் கூடியது. எந்த இந்திய உணவில் எவ்வளவு சத்து என்ற பட்டியலும் 1937-ல் அவர் காலத்தில்தான் குன்னூரிலிருந்து வந்தது. இன்றைய டயட் சார்ட்டுகளுக்கு முன்னோடி அது.

1933-லேயே சர் பட்டம் வாங்கியிருந்த மெக்கரிசன், ஆக்ஸ்ஃபோர்டில் குடியேறி 1960 மே 18-ல் காலமானார். அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1958-ல், அவருடைய ஆய்வுக்கூடம் குன்னூரைக் காலி செய்து ஹைதராபாத் போய்விட்டது. 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் மாறியது.

பெரிபெரி இன்று அபூர்வம். ஆனா தீட்டிய அரிசி நம் தட்டிலிருந்து போகவில்லை. சென்னையில் நடந்த நீரிழிவு ஆய்வுகள், தீட்டிய தானியம் அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு டைப் 2 சர்க்கரை நோய் வாய்ப்பு கூடுவதைக் காட்டியிருக்கின்றன. 2024 வழிகாட்டுதலும் முழு தானியம், பருப்பு, காய்கறி என்று பழைய பட்டியலையே நீட்டுகிறது. சரியான சாப்பாட்டோடு உடற்பயிற்சியும் சேர்ந்தால் டைப் 2 சர்க்கரை நோயில் 80 சதவீதம் வரை தடுக்கலாம் என்பது அதில் இருக்கும் இன்னொரு கணக்கு.