விஜய் ஆனந்த்: ‘ஜானி கத்தார்’ திரைப்படம் தலைவணங்கிய மர்மப்பட இயக்குநர்

மும்பை: ஸ்ரீராம் ராகவன் இயக்கத்தில் 2007-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் தேதி வெளியான ‘ஜானி கத்தார்’ என்ற இந்தித் திரைப்படம் இருவருக்குக் காணிக்கையாக்கப்பட்டுள்ளது. ஒருவர் ஆங்கிலக் குற்றப் புதின எழுத்தாளர் ஜேம்ஸ் ஹேட்லி சேஸ். மற்றவர், அப்படம் திரைக்கு வருவதற்குச் சுமார் மூன்றரை ஆண்டுகளுக்கு முன்பு காலமான இயக்குநர் விஜய் ஆனந்த்.

சேஸின் பெயர் ரயில் நிலையப் புத்தகக் கடைகள் வரை பரவியது. விஜய் ஆனந்தின் பெயருக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அவருடைய படங்களைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். அவற்றின் பாடல்களை இன்றும் முணுமுணுக்கிறார்கள். ஆனால் அப்படங்கள் தேவ் ஆனந்தின் படங்கள் என்றோ, ஷம்மி கபூரின் படம் என்றோதான் நினைவில் தங்கின. இயக்குநர் யார் என்று கேட்டால், தேவ் ஆனந்தின் தம்பி என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை.

பஞ்சாப் மாநிலம் குர்தாஸ்பூரில் 1934-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் தேதி விஜய் ஆனந்த் பிறந்தார். தந்தை பிஷோரி லால் ஆனந்த் வழக்கறிஞர். சேத்தன் ஆனந்த், தேவ் ஆனந்த் ஆகிய சகோதரர்களுக்கு இவர் இளையவர். வீட்டார் வைத்த ‘கோல்டி’ என்ற செல்லப் பெயரே பின்னாளில் திரையுலகிலும் அவரை அழைக்கும் பெயராகிவிட்டது. அண்ணன்கள் இருவரும் 1949-இல் மும்பையில் நவ்கேதன் என்ற படநிறுவனத்தைத் தொடங்கினர். தம்பி புனித சேவியர் கல்லூரியில் படித்துக்கொண்டே எழுதத் தொடங்கினார். நவ்கேதன் தயாரிப்பில் சேத்தன் ஆனந்த் இயக்கி 1954-இல் வெளியான ‘டாக்ஸி டிரைவர்’ படத்தின் எழுத்துப் பணியில், சேத்தனின் மனைவி உமா ஆனந்துடன் இவருக்கும் பங்கு இருந்தது. அப்போது அவருக்கு 20 வயது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 23-ஆவது வயதில், ‘நௌ தோ க்யாரா’ படத்தின் மூலம் இயக்குநரானார். ஒன்பது, இரண்டு, பதினொன்று என்பது இத்தலைப்பின் நேர்ப்பொருள். ஆனால் இந்தியில் அது ஒரு வழக்குத்தொடர். தமிழில் கம்பி நீட்டுவது என்கிறோமே, அதுதான். தில்லியிலிருந்து மும்பைக்கு ஒரு பழைய லாரியில் புறப்படும் இளைஞன், திருமண வீட்டிலிருந்து தப்பி ஆண் வேடத்தில் அந்த வண்டியில் ஏறிக்கொள்ளும் பெண் என்று படம் கலகலப்பாகத் தொடங்குகிறது. சொத்து, சூழ்ச்சி, கொலை எனப் பாதி வழியில் அதன் நிறம் மாறுகிறது. சிரித்துக்கொண்டிருக்கும் பார்வையாளரை அறியாமலேயே இருக்கையின் நுனிக்கு நகர்த்தும் இந்த உத்தி, முதல் படத்திலேயே அவர் கைக்கு வந்துவிட்டது.

அடுத்து வந்த ‘காலா பஜார்’ (1960) திரையரங்க வாயிலில் கள்ளச்சந்தையில் நுழைவுச்சீட்டு விற்பவனின் கதை. ‘மதர் இந்தியா’ படத்தின் சிறப்புக் காட்சிக்கு நட்சத்திரங்கள் வந்திறங்கும் உண்மையான காட்சிகளைத் தம் கதைக்குள் அவர் இணைத்துக்கொண்டார். சகோதரர்கள் மூவரும் திரையில் தோன்றிய படமும் இதுவே. ‘ஹம் தோனோ’ (1961) படத்தின் திரைக்கதை இவருடையது. இயக்குநர் என்று பெயர்ப்பட்டியலில் இடம்பெற்றவர் அமர்ஜீத். இயக்கத்திலும் விஜய் ஆனந்தின் கையே மேலோங்கியிருந்தது என்பது திரையுலகில் நெடுங்காலமாக நிலவும் பேச்சு. ‘தேரே கர் கே சாம்னே’ (1963) படத்தில் குதுப்மினாரின் குறுகிய படிக்கட்டுகளுக்குள் ஒரு பாடல் வேண்டியிருந்தது. அக்காலத்துப் பெரிய கேமராக்களுக்கு அங்கே இடம் போதாததால், கோபுரத்தின் உட்புறம் படப்பிடிப்புத் தளத்தில் அமைக்கப்பட்டது. படத்தைப் பார்ப்பவர்களுக்கு அந்த வேறுபாடு தெரிவதில்லை.

அவர் வாழ்வின் திருப்புமுனை ‘கைடு’. சென்னையில் பிறந்து மைசூருவில் வாழ்ந்த ஆர்.கே. நாராயணின் ஆங்கிலப் புதினம் அது. 1960-ஆம் ஆண்டு சாகித்ய அகாதமி விருது பெற்றது. அமெரிக்க எழுத்தாளர் பேர்ல் பக்கின் திரைக்கதையில், டாட் டேனியலெவ்ஸ்கி இயக்க ஆங்கிலத்தில் ஒரு படமும், சேத்தன் ஆனந்த் இயக்க இந்தியில் ஒரு படமும் உருவாக வேண்டும் என்பது தொடக்கத் திட்டம். சேத்தன் தமது போர்ப்படமான ‘ஹகீகத்’தை எடுக்க விலகினார். பொறுப்பு தம்பியிடம் வந்தது.

அது எளிய பொறுப்பன்று. கணவனை விட்டு வெளியேறி வேறொருவனுடன் வாழும் நடனக் கலைஞர் கதாநாயகி. சிறை சென்று திரும்பிய மோசடிக்காரன் கதாநாயகன். 1960-களின் இந்தித் திரையுலகம் இப்படியொரு இணையைக் கண்டதில்லை. விஜய் ஆனந்த் ஆங்கிலத் திரைக்கதையை ஒதுக்கிவிட்டு, இந்திப் பார்வையாளருக்காகக் கதையை முதலிலிருந்து எழுதினார். கணவனின் குற்றத்தைப் பார்வையாளர் கண்ணெதிரே நிறுத்தினார். மழை பெய்ததா இல்லையா என்று புதினம் சொல்லாமல் விட்ட இடத்தில், படத்தில் மழையைப் பெய்வித்தார். தென்னிந்தியச் சிற்றூரான மால்குடியின் கதை ராஜஸ்தானுக்கு இடம்பெயர்ந்தது. தமது கதைக்கு நேர்ந்த மாற்றங்களில் நாராயணுக்கு உடன்பாடில்லை. அந்த அதிருப்தியை அவர் எழுத்திலும் பதிவு செய்தார். அவருடைய வருத்தம் நியாயமானது. ஆயினும், ஆங்கிலப் படம் வந்த சுவடு தெரியாமல் போக, இந்திப் படமே நின்றது என்பதும் உண்மை.

‘கைடு’ ஏழு ஃபிலிம்ஃபேர் விருதுகளைப் பெற்றது. அவற்றில் சிறந்த இயக்குநர், சிறந்த வசனம் ஆகிய இரண்டும் விஜய் ஆனந்துக்குக் கிடைத்தன. 38-ஆவது ஆஸ்கர் விருதுக்கு இந்தியாவின் அதிகாரப்பூர்வப் படமாகவும் அது அனுப்பப்பட்டது. நடனக் கலைஞர் ரோஸியாக நடித்த வஹீதா ரஹ்மான் தமிழகத்தில் பிறந்து பரதநாட்டியம் பயின்றவர்.

இத்தகைய படத்திற்குப் பிறகு எந்த இயக்குநரும் மேலும் கனமான இலக்கியத்தைத் தேடிச் செல்வார். விஜய் ஆனந்த் ஒரு கொலைக் கதைக்குத் திரும்பினார். நாசிர் ஹுசைன் தயாரித்த ‘தீஸ்ரி மன்ஸில்’ (1966) படத்தின் தலைப்புக்கு மூன்றாவது மாடி என்று பொருள். இரவில் விரையும் ஒரு கார், ஓடி வரும் ஒரு பெண், படிக்கட்டுகள், பிறகு மாடியிலிருந்து ஒரு வீழ்ச்சி. முசூரி நகர விடுதியொன்றில் நிகழ்ந்த அந்த மரணத்துக்குக் காரணமானவனைத் தேடி, இறந்தவளின் தங்கை வருகிறாள். படப்பிடிப்பு நடந்த காலத்தில், 1965 ஜனவரியில், நாயகன் ஷம்மி கபூரின் மனைவியும் நடிகையுமான கீதா பாலி அம்மை நோயால் காலமானார். பணிகள் நின்றன. துயரத்திலிருந்து மீண்டு வந்து ஷம்மி நடித்த காட்சிகளில் அந்தச் சுமை தெரியாது. அவருடைய துள்ளலே தெரியும். இளம் இசையமைப்பாளர் ஆர்.டி. பர்மனைப் புகழின் உச்சிக்கு ஏற்றிய படமும் இதுவே.

அடுத்த ஆண்டு ‘ஜூவல் தீஃப்’ வெளிவந்தது. (இப்படத்தை இதுவரை பார்க்காதவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைக் கடந்து செல்லலாம். அரை நூற்றாண்டைத் தாண்டிய முடிச்சு என்றாலும், அதை அவிழ்த்துச் சொல்லக் கை தயங்கவே செய்கிறது.)

காவல் ஆணையரின் மகனான வினய்யை எல்லோரும் அமர் என்று அழைக்கிறார்கள். அமர், அவனைப் போலவே தோற்றமளிக்கும் நகைத் திருடன். ஒரு பெண் இவன்தான் தனக்கு நிச்சயிக்கப்பட்டவன் என்கிறாள். விருந்தினர் கூடிய அவையில் அவன் காலணியைக் கழற்ற வேண்டிய நிலை வருகிறது. அமரின் காலில் ஆறு விரல்கள் உண்டு என்பதே காரணம். ஒரு காலுறை கழற்றப்படும் சில நொடிகளை நீட்டி, அரங்கம் முழுவதையும் மூச்சடக்க வைத்தார் விஜய் ஆனந்த். துப்பாக்கியோ குருதியோ அதற்குத் தேவைப்படவில்லை.

இதைவிடப் பெரிய துணிச்சல் நடிகர் தேர்வில் இருந்தது. அந்தப் பெண்ணின் அண்ணனாக வருபவர் அசோக் குமார். 1930-களிலிருந்து திரையில் இருந்தவர். கனிவான பெரியவராக மக்கள் மனத்தில் பதிந்தவர். அவர்மீது எவருக்கும் ஐயம் எழாது. அமர் என்று ஒருவனே இல்லை. திருடன் அந்த அண்ணன்தான் என்று இறுதியில் தெரியவரும்போது, ஏமாந்தது வினய் மட்டுமல்ல, நடிகரின் முகத்தை நம்பிய பார்வையாளரும்தான். கதைக்குள் இருக்கும் தடயங்களை மறைப்பது ஒரு வகை. பார்வையாளரின் பல்லாண்டுப் பழக்கத்தையே திரையாக்கி அதன் பின்னால் உண்மையை மறைப்பது வேறு வகை. இவ்விரண்டாவது கலையில் இந்தித் திரையுலகில் அவருக்கு இணையானவர்கள் மிகச் சிலரே.

பாடல் வந்தால் பார்வையாளர் எழுந்து வெளியே செல்லும் பழக்கத்தையும் அவர் எதிர்த்தார் என்று சொல்லலாம். அவர் படங்களில் பாடல் நடக்கும்போதும் கதை நகர்ந்துகொண்டிருக்கும். சிக்கிம் தலைநகர் காங்டாக்கைப் பின்னணியாகக் கொண்ட ‘ஜூவல் தீஃப்’ இறுதிப் பகுதியில் சென்னையைச் சேர்ந்த வைஜெயந்திமாலா ஆடும் நடனம் அதற்குச் சான்று. கேமரா அவருடன் சேர்ந்து சுழல்கிறது. ஆட்டத்தின் அழகும் ஆபத்தின் நெருக்கமும் ஒன்றாகவே வளர்கின்றன. ‘கைடு’ படத்திலோ, அந்தி வெளிச்சத்தில் ஒரு முழுக் காதல் பாடலை மிகச் சில நீண்ட ஷாட்களில் எடுத்து முடித்தார். தம் படங்களைத் தாமே படத்தொகுப்பு செய்தவர் என்பதால், எங்கே வெட்ட வேண்டும், எங்கே வெட்டாமல் விட வேண்டும் என்பது அவருக்கு எழுதும்போதே தெரிந்திருந்தது.

1970-இல் வெளியான ‘ஜானி மேரா நாம்’ அவருடைய மிகப் பெரிய வணிக வெற்றி. சிறுவயதில் பிரிந்த இரு சகோதரர்கள். ஒருவன் துப்பறியும் காவல் அதிகாரி, மற்றவன் கடத்தல் கும்பலில் இருப்பவன். தேவ் ஆனந்துக்கு இணையாகத் தமிழகத்தில் பிறந்த ஹேமமாலினி நடித்தார். ராஜ்கிர் கம்பிவட ஊர்தியிலும் நாளந்தா இடிபாடுகளிலும் படமாக்கப்பட்ட பாடல் புகழ்பெற்றது. சிறந்த திரைக்கதைக்கான ஃபிலிம்ஃபேர் விருது விஜய் ஆனந்துக்குக் கிடைத்தது.

அதன் பின் இறங்குமுகம். ஏ.ஜே. குரோனினின் புதினத்தைத் தழுவிய ‘தேரே மேரே சப்னே’ (1971) நேர்த்தியான படம். அதில் ஒரு மருத்துவராக நடிக்கவும் செய்தார். தர்மேந்திரா நடித்த ‘பிளாக்மெயில்’ (1973) இன்று பாடலுக்காக மட்டுமே நினைவுகூரப்படுகிறது. ‘கோரா காகஜ்’ (1974) படத்தில் ஜெயா பாதுரியுடன் நடித்து நடிகராக நற்பெயர் பெற்றார். சிலகாலம் ரஜனீஷின் சீடராக இருந்து பின்னர் விலகினார். 1980-களில் அவர் இயக்கிய படங்களில் பழைய விஜய் ஆனந்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

1994-இல் தூர்தர்ஷனின் ‘தெஹ்கீகாத்’ தொடரில் சாம் டிசில்வா என்ற துப்பறிவாளராக அவர் தோன்றினார். திரையரங்கில் அவருடைய மர்மப் படங்களைப் பார்த்திராத ஒரு தலைமுறைக்கு அவர் அறிமுகமானது இப்படித்தான்.

2001 செப்டம்பரில் மத்தியத் திரைப்படத் தணிக்கை வாரியத்தின் தலைவராக நியமிக்கப்பட்டார். அவருக்கு முன்பு அப்பதவியில் இருந்தவர் ‘தீஸ்ரி மன்ஸில்’ நாயகி ஆஷா பரேக். தணிக்கை விதிகளைக் காலத்துக்கேற்ப மாற்ற வேண்டும் என்று கருதிய விஜய் ஆனந்த், வயது வந்தோருக்கான பாலியல் படங்களைத் தனியே குறிக்கப்பட்ட திரையரங்குகளில் மட்டும் அனுமதிக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தார். மத்திய அரசு அதை ஏற்கவில்லை. கடும் எதிர்ப்பு கிளம்பியது. ஓராண்டு நிறைவடையும் முன்பே, 2002 ஜூலையில், அவர் பதவி விலகினார். அந்த யோசனை சரியா தவறா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். கருத்தை விழுங்கிவிட்டு நாற்காலியில் நீடிக்கும் வழி அவருக்குத் திறந்தே இருந்தது. அவர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

2002-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது தேவ் ஆனந்துக்கு வழங்கப்பட்டது. தம்பிக்கு அவ்விருது கிடைக்கவில்லை. 2004-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் தேதி மும்பையில் மாரடைப்பால் விஜய் ஆனந்த் காலமானார். அவருக்கு வயது 70.

‘ஜானி கத்தார்’ அவரை நினைவுகூரும் விதம் கவனத்துக்குரியது. கத்தார் என்றால் துரோகி. ஒரு கள்ள பேரத்தில் இறங்கும் ஐந்து கூட்டாளிகளில் இளையவன், மற்ற நால்வருக்கும் துரோகம் இழைக்கிறான். புதுமுகமாக நீல் நிதின் முகேஷ் அந்த வேடத்தை ஏற்றார். ‘பிளாக்மெயில்’ நாயகன் தர்மேந்திரா கூட்டாளிகளில் மூத்தவராக நடித்தார். விடுதியொன்றில் தன் உண்மைப் பெயரைச் சொல்ல முடியாத இளைஞன், அங்குள்ள தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருக்கும் ‘ஜானி மேரா நாம்’ படத்தைப் பார்த்துத் தன் பெயர் ஜானி என்கிறான்.

இவை மேலோட்டமான வணக்கங்கள். உள்ளே ஸ்ரீராம் ராகவன் தம் முன்னோடியின் வழிக்கு நேர்மாறாகச் செல்கிறார். விஜய் ஆனந்த் குற்றவாளியைக் கடைசி வரை மறைத்தார். இவர் குற்றவாளியைத் தொடக்கத்திலேயே காட்டிவிட்டு, அவன் எப்போது பிடிபடுவான் என்று காக்க வைக்கிறார். கொலைகாரன் தப்ப வேண்டுமே என்று பார்வையாளரே ஒரு கணம் பதறும்படி செய்வதுதான் அவர் விரித்த வலை. விமர்சகர்கள் பாராட்டினர், திரையரங்குகளில் கூட்டம் அதிகமில்லை.

இந்தத் தொடர்ச்சியில் தமிழுக்கும் ஓரிடம் உண்டு. ‘ஜானி மேரா நாம்’ 1972-இல் சி.வி. ராஜேந்திரன் இயக்கத்தில் ‘ராஜா’ என்ற பெயரில் தமிழுக்கு வந்தது. சிவாஜி கணேசனும் ஜெயலலிதாவும் நடித்தனர். ‘ஜானி கத்தார்’ 2018-இல் பிரசாந்த் நடிப்பில் ‘ஜானி’ என்று தமிழில் வெளியானது. அதில் முக்கிய வேடமொன்றில் நடித்தவர் சிவாஜியின் மகன் பிரபு.