எண்களின் அருவி இராமானுஜன்

சாரல் காலத்தில் நம் ஐந்தருவியைப் பார்க்காதவர் உண்டோ? மலைமேல் வளைந்து வளைந்து மெல்ல வரும் நீர், பாறை விளிம்பை அடைந்ததும் ஒரே பாய்ச்சலில் கீழே வந்துவிடுகிறது. கணக்கிலும் மெல்ல நடக்கும் வழி உண்டு. பாய்ந்து செல்லும் வழியும் உண்டு. பாயும் வழியைக் கண்ட மேதை, நம் தமிழ்நாட்டுச் சீனிவாச இராமானுஜன்.

அவர் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் துணிக்கடையில் கணக்கெழுதியவர். கணிதத்திலேயே மூழ்கிய இராமானுஜன் மற்றப் பாடங்களில் தவறி, கல்லூரி உதவித்தொகையை இழந்தார். காகிதம் வாங்கப் பணமில்லை. சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் குறித்து வைத்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா ஆனார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் முடிவுகளை எழுதி அனுப்பினார். அவருடைய முயற்சியால் 1914-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

அவ்வாண்டே ‘பை’யின் மதிப்பைக் காணும் பல தொடர்களை வெளியிட்டார். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் கிடைப்பதே பை. நம் மலைக்கு அப்பால் கேரளத்தில் வாழ்ந்த மாதவர், சுமார் 600 ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு ஒரு தொடர் கண்டிருந்தார். ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழித்து, ஐந்தில் ஒன்றைக் கூட்டி, ஏழில் ஒன்றைக் கழித்து, இப்படியே சென்று நான்கால் பெருக்க வேண்டும். வழி சரியானதே, ஆனால் நடை மெதுவானது. 100 உறுப்புகளைச் சேர்த்தாலும் 3.13 என்றுதான் வருகிறது. இராமானுஜனின் ஒரு தொடரிலோ, முதல் உறுப்பே 6 தசம இடங்களைச் சரியாகத் தருகிறது! பின்வரும் ஒவ்வோர் உறுப்பும் சுமார் 8 இடங்களைச் சேர்க்கிறது.

எத்தனை படியில் விடையை எவ்வளவு நெருங்குகிறோம் என்பதே ஒரு முறையின் வேகம். அணைச் சுவர் தாங்கும் அழுத்தத்தைக் கணிப்பொறியில் காணும் பொறியாளர்களும் தங்கள் முறையை இவ்வாறே அளந்து பார்க்கிறார்கள்.

குளிரும், போர்க்கால உணவுத் தட்டுப்பாடும், நோயும் இராமானுஜனை வாட்டின. 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1919-இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26-இல் தம் 32-ஆம் வயதில் சென்னையில் மறைந்தார். 1985-இல் கோஸ்பர் என்னும் அமெரிக்கர், அதே தொடரைக் கொண்டு கணிப்பொறியில் பையின் 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்களைக் கண்டார்.

தோழியரே! பரீட்சையில் தவறியவரின் நோட்டில் இத்தனை செல்வம் இருந்தது. மதிப்பெண் குறைந்த தோழியை இனி நாம் எளிதாக எண்ணாதிருப்போம். விடை கிடைத்ததும் நின்றுவிடாமல், இதைவிட விரைவான வழி உண்டா என்றும் கேட்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவி