எளியோர்க்கு வழக்குரைத்த சிதம்பரம் பிள்ளை

பொதியமலைச் சாரலில் வாழ்ந்து, தென்காசிக் கோபுரத்தை நாடோறும் கண்டு, குற்றாலத்தருவியில் நீராடி மகிழும் நமக்கு, ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் நாமம் புதியதன்று. அவர் கப்பலோட்டிய கதையைச் சிறுவரும் அறிவர். செக்கிழுத்த கதையைக் கேட்டுக் கண் கலங்காதாரும் இலர். ஆனால், அவ்விரண்டிற்கும் முன்னே, சிறு குற்றங்கள் சாட்டப்பெற்று மாஜிஸ்திரேட்டு கோர்ட்டுகளில் நின்ற ஏழைகளுக்காக அவர் வழக்காடிய வரலாற்றை நம்மிற் பலர் அறியார். அதனையே ஈண்டுச் சுருக்கமாக எழுதத் துணிந்தோம்.

பிள்ளையவர்கள் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 5ஆம் தேதி ஓட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் மைந்தராய்த் தோன்றினார். தூத்துக்குடியில் மிஷன் பள்ளியாகிய கால்டுவெல் ஹைஸ்கூலிலும் அவர் பயின்றார். சிறிது காலம் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக அமர்ந்து, பின்னர்த் திருச்சிராப்பள்ளி சென்று சட்டம் கற்று, வக்கீல் பரீட்சையில் தேறி, 1895இல் ஓட்டப்பிடாரத்திலேயே தொழில் தொடங்கினார். தந்தையாரும் அவ்வூரில் வக்கீலே. செல்வர்கள் தந்தையை நாட, வறியவர்கள் மைந்தரை நாடினர். சில வழக்குகளில் இருவரும் எதிரெதிர்க் கக்ஷிகளில் நின்று வாதிட்டதும் உண்டு.

அந்நாளைய நிலையைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். தென்காசியும் ஓட்டப்பிடாரமும் அக்காலத்தில் ஒரே திருநெல்வேலி ஜில்லாவைச் சார்ந்தவை. கலெக்டரே ஜில்லா மாஜிஸ்திரேட்டு. சிறு குற்றங்களை விசாரிக்கும் சப் மாஜிஸ்திரேட்டுகள் அவர்க்கு அடங்கியவர்கள். போலீசாரும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவரே. கைகலப்பு, வேலி தாண்டல், சில்லறைத் திருட்டு என்று ஓர் உழவனைப் பிடித்து வந்து நிறுத்தினால், அவனுக்கு எழுத்தும் தெரியாது, சட்டமும் தெரியாது. படித்தவர்க்கு அற்பமெனத் தோன்றும் பத்து ரூபாய் அபராதம், அவன் குடும்பத்தைக் கடனில் ஆழ்த்தப் போதுமானது. சாக்ஷியைக் குறுக்கு விசாரணை செய்ய ஒருவர் இருந்தாலன்றி, போலீசார் எழுதியதே உண்மையாய் முடியும்.

இத்தகையோர் பக்கத்திலே பிள்ளையவர்கள் நின்றார். பொருளில்லாதவரிடம் ஊதியம் கருதாது வழக்கை ஏற்றார். உத்தியோகஸ்தரின் முகம் பார்த்துப் பேசுதல் அவர் இயல்பன்று. நீதி வழங்க வேண்டிய அதிகாரிகள் மூவர்மீது இலஞ்சக் குற்றச்சாட்டை அவர் மெய்ப்பித்ததாக வரலாறு கூறும். போலீசாரின் பகை வளர்வதைக் கண்டு தந்தையார் அஞ்சினார். 1900இல் மைந்தர் தூத்துக்குடிக்குச் சென்று தொழில் நடத்தலானார்.

அங்கே 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியதும், 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலை நிறுத்தத்திற்குத் துணை நின்றதும் யாவரும் அறிந்தன. அதன் பயனாக, எளியோரைக் காத்த வக்கீல் தாமே எதிரிக் கூண்டில் ஏற நேர்ந்தது. 1908 மார்ச்சு 12ஆம் தேதி கலெக்டர் விஞ்ச் துரை அவரையும், சுப்பிரமணிய சிவாவையும், பத்மநாப ஐயங்காரையும் சிறைப்படுத்தினார். முதலிற் சாட்டப்பெற்றது பெருங்குற்றம் எதுவுமன்று. ஜாமீன் கேட்கும் பிரிவுகளே. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, 108ஆம் பிரிவுகளின்படி, ஒருவர் குற்றம் செய்திருக்க வேண்டுவதில்லை. அமைதிக்கு ஊறு நேரும் என்றோ, அரச நிந்தை பரவும் என்றோ மாஜிஸ்திரேட்டு கருதினால் ஜாமீன் கேட்கலாம். சிறியதெனக் காணும் இப்பிரிவே அவ்வழக்கிற்கு வாயிலாயிற்று.

ஈண்டு ஒன்று குறிப்பிடத்தக்கது. பிள்ளையவர்களுக்கு ஜாமீனில் வெளியேறும் வழி கிடைத்தும், உடன் சிறைப்பட்ட இருவரையும் விட்டுத் தாம் மட்டும் செல்ல அவர் இசைந்திலர். பிறர்க்கு விடுதலை தேடிய வக்கீல், தமக்கு மட்டும் வாய்த்த விடுதலையைத் தள்ளினார்.

பின்னர் இராஜத் துரோக வழக்குத் தொடுக்கப்பட்டது. 1908 ஜூலை 7ஆம் தேதி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே துரை, பிள்ளையவர்களின் பேச்சுக்கு இருபதாண்டும், சிவாவுக்கு உடந்தையாயிருந்ததற்கு இருபதாண்டுமாகத் தீவாந்தர தண்டனை விதித்தார். மேல் முறையீட்டில் ஹைகோர்ட்டார் அதனை ஆறாண்டாகக் குறைத்தனர். கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்து, கண்ணனூர்ச் சிறையிலும் வாடி, 1912 டிசம்பரில் அவர் வெளிவந்தார்.

அவர் சிறையிலிருந்த காலத்தே, 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் துரை சுடப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டையைச் சேர்ந்தவர். தொடர்ந்து நடந்த சதி வழக்கில், நம் மலையடிவாரத்து இளைஞர் சிலரும் ஹைகோர்ட்டில் எதிரிகளாய் நின்றனர். பிற்காலத்தில் சென்னை மாகாண முதன் மந்திரியான பிரகாசம் அவ்வழக்கில் எதிரிகளுக்காகத் தோன்றினார். கொலையை நாம் போற்றுவதற்கில்லை. எனினும், கொடிய குற்றம் சாட்டப்பெற்றவர்க்கும் வக்கீல் ஒருவர் வேண்டும் என்னும் அறம் அங்கும் காக்கப்பட்டது.

விடுதலை பெற்ற பிள்ளையவர்களை வறுமை எதிர்கொண்டது. வக்கீல் சன்னது பறிக்கப்பட்டிருந்தமையால், சென்னையில் சிறு வாணிகம் செய்தும் பிழைக்க நேர்ந்தது. திருநெல்வேலியில் முன்னர் உத்தியோகம் வகித்து அவரை அறிந்திருந்த வாலஸ் துரையின் உதவியால் சன்னது மீண்டும் கிடைத்தது. அந்நன்றியை மறவாது, தம் மைந்தருள் ஒருவர்க்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். தம்மை ஒறுத்த ஆட்சியைச் சார்ந்தவரே ஆயினும், நியாயம் செய்தவரை நியாயவான் என்று கொண்ட பெருந்தகைமை இது. அதன் பின்னர்க் கோவிற்பட்டியில் மீண்டும் கோர்ட்டுப் படி ஏறினார். 1932இல் தூத்துக்குடி திரும்பி, 1936 நவம்பர் 18ஆம் தேதி அங்கே இயற்கை எய்தினார்.

இன்று கலெக்டரின் ஆணைக்கு நீதிமன்றங்கள் அடங்கியிருப்பதில்லை. ஏழைகட்கு இலவசச் சட்ட உதவி வழங்குதல் அரசின் கடமையென, 1976இல் அரசியலமைப்பில் 39அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. 1987இல் அதற்கெனத் தனிச் சட்டமும் பிறந்து, 1995இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும், ஜாமீன் கேட்கும் பழைய பிரிவுகள் 2024 ஜூலை முதல் வழங்கும் புதிய சட்டத்திலும் 126, 127 என்னும் எண்களோடு நிலைபெற்றுள்ளன. சட்டம் வழி செய்யினும், அவ்வழியிலே எளியவனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டுமன்றோ?

நம் கல்லூரியை விட்டு நீங்கிச் சட்டக் கல்வி கற்கப் போகும் நண்பர்கள் இதனை நினைவிற்கொள்வார்களாக. பெரிய வழக்குகளே பெயரைத் தரும் என்பர். பிள்ளையவர்களோ, பெயர் தராத சிறு வழக்குகளிலேதான் அஞ்சாமையைப் பழகினார். அங்ஙனம் பழகிய நெஞ்சே பின்னர் நாற்பதாண்டுத் தண்டனையைக் கேட்டும் கலங்காது நின்றது.