கிரகாம் பெல்லும் முறுக்கிய இருகம்பியும்

வீட்டுத் தொலைபேசியை ஓர் அறையினின்று மற்றோர் அறைக்கு நீட்டுவோர் ஒன்றோடொன்று முறுக்கிய இரு கம்பிகளையே இடுவர். முறுக்காத கம்பிகளை நெடுந்தூரம் கொண்டு சென்றாற் பேச்சுடன் இரைச்சலும் கலந்து வரும். இவ்வெளிய உபாயத்திற்கும், தொலைபேசியின் தந்தையென நாம் போற்றும் அலெக்சாந்தர் கிரகாம் பெல்லுக்கும் உள்ள தொடர்பைப் பலர் அறியார்.

பெல் 1847ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆந் திகதி ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரிற் பிறந்தார். தந்தையார் பேச்சுக்கலை ஆசிரியர். தாயார் செவிப்புலன் குன்றியவர். உடன்பிறந்தார் இருவரையும் காசநோய் கொள்ளைகொள்ளவே, 1870இற் பெற்றோருடன் கனடாவிற் குடியேறினார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் பொஸ்தன் நகரிற் செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கு ஆசிரியரானார். தம்மிடம் பயின்ற மேபிள் அம்மையாரை 1877இல் மணந்தார். கணவர் 1876இல் ஆக்கிய தொலைபேசியின் ஒலியை அவ்வம்மையார் ஒருநாளுங் கேட்டிலர்.

உலகம் வியந்த அக்கருவிக்கும் ஒரு குறை இருந்தது. தந்தியைப் போலவே அதற்கும் ஒரு கம்பியே. மின்னோட்டம் மீளும் வழி நிலமே. அயலிற் செல்லுந் தந்திக் கம்பிகளில் மின்னோட்டம் மாறுந்தோறும் இக்கம்பியிலும் மின் தூண்டப்பட்டது. தந்தியின் படபடப்பொலி பேசுவோர் குரலை விழுங்கிற்று. பெல் நிலத்தை விடுத்து, போக்கிற்கும் வரவிற்குமாக இரு கம்பிகளைக் கொண்டு, அவற்றை ஒன்றோடொன்று முறுக்கினார். முறுக்கிய கம்பிகள் இரண்டும் இடையூற்றிற்கு மாறிமாறி அண்மையிலும் சேய்மையிலும் அமைகின்றன. ஆதலின் இரண்டிலும் தூண்டல் ஒத்த அளவினதாகின்றது. கேட்கும் கருவியோ இரண்டிற்குமுள்ள வேறுபாட்டையே உணர்வது. ஒத்தவை ஒன்றையொன்று அழிக்க, குரல் மட்டும் எஞ்சுகின்றது. இதற்கான காப்புரிமை 1881இல் அவருக்குக் கிடைத்தது. கம்பியிடுவோர் ஒரு சோடியிலொன்றும் மறு சோடியிலொன்றுமாக எடுத்து இணைப்பாராயின் இப்பயன் கெடும். இன்று கணினிகளை இணைக்குங் கம்பிகளிலும் இம்முறுக்கே காணப்படுகின்றது.

பெல்லிடம் குறையில்லையென நாம் கூறோம். சைகைமொழியை விலக்கிப் பேச்சையே கற்பிக்க வேண்டுமென அவர் வற்புறுத்தியதைச் செவிப்புலனற்றோர் பலர் கண்டிப்பர்; அக்கண்டனம் நியாயமானதே. ஆயினும் தாம் ஆக்கியதன் குறையைத் தாமே ஆராய்ந்து களைய முயன்ற பண்பு போற்றற்குரியது.

1922ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆந் திகதி கனடாவின் நோவாஸ்கோஷியாவில் அவர் காலமானார். அவரை அடக்கஞ்செய்த வேளையில் வட அமெரிக்காவின் தொலைபேசிகள் ஒரு நிமிடம் மௌனமாயின. வெற்றி கிட்டியதும் ஓய்ந்துவிடாது, அதிலுள்ள குற்றத்தையும் செவிசாய்த்துக் கேட்கும் இயல்பை நம் கல்லூரி மாணவர் அவரிடமிருந்து கற்பாராக.