பண்டத்தரிப்பில் இருந்த முதல் அமெரிக்க மருத்துவர்

போன மாதம் அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். தாதி ஒருவர் அம்மாவின் முன்கையில் இறப்பர் பட்டியைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்து, கனுலாவைச் சரித்து ஏற்றினார். பின்பக்கக் குழாயில் இரத்தம் தெரிந்ததும் பிளாஸ்டிக்கை முன்னே தள்ளி, ஊசியை உருவினார். ஒரு நிமிடமும் ஆகவில்லை, சேலைன் ஓடத் தொடங்கியது. ஊர் திரும்பும் வழியில் எனக்கு ஜோன் ஸ்கடரின் நினைவு வந்தது.

1793இல் நியூஜேர்சியில் பிறந்த ஸ்கடர், நியூயோர்க்கில் நல்ல வருமானமுள்ள டொக்டராக இருந்தவர். நோயாளி ஒருவர் வீட்டில் கண்ட மிஷன் துண்டுப்பிரசுரமே அவர் வாழ்க்கையை மாற்றியது. 1819 ஜூனில் மனைவி ஹரியட்டுடனும் கைக்குழந்தையுடனும் கப்பலேறினார். கல்கத்தாவில் அந்தக் குழந்தை இறந்துபோனது. ஆனாலும் அவர்கள் திரும்பிப் போகவில்லை. 1820இல் பண்டத்தரிப்பில் குடியேறி, மருத்துவமனையும் பள்ளிகளும் நடத்தினார்கள். அமெரிக்கா வெளிநாட்டுக்கு அனுப்பிய முதல் மருத்துவ மிஷனரி நமது ஊருக்குத்தான் வந்தார்.

அவர் மதம் மாற்றவே வந்தார் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் மருந்துக்காக வந்தவர்களுக்கு அவர் முதலில் டொக்டர்தான்.

அது கொலரா ஆசியாவெங்கும் பரவிய காலம். வாந்தியிலும் பேதியிலும் உடலின் நீரும் உப்பும் போய் மனிதர் சில மணி நேரத்தில் மடிந்தார்கள். ஸ்கடர் கற்ற மருத்துவத்திலும் கையில் பட்டி கட்டி நரம்பைத் தேடுவதுண்டு. அது இரத்தத்தை வெளியே எடுப்பதற்கு. போனதைத் திருப்பி உள்ளே விடலாம் என்பதை 1832இல்தான் ஸ்கொட்லாந்தில் தோமஸ் லாட்டா செய்து காட்டினார். உப்புநீரை நரம்பில் ஏற்றியதும் சாகக் கிடந்த சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். ஆனாலும் அந்த முறை பல பதிற்றாண்டுகள் பரவலாகவில்லை. பிளாஸ்டிக் கனுலா 1950இல்தான் வந்தது.

ஸ்கடர் 1836இல் சென்னைக்கு மாறினார். ஹரியட் 1849இல் அங்கே காலமானார். நலம் குன்றிய ஸ்கடர் ஓய்வுக்காகத் தென்னாபிரிக்கா போய், 1855 ஜனவரி 13இல் அங்கேயே இறந்தார். அவரது மகன்மாரில் ஏழு பேர் மிஷனரிகளானார்கள். மூத்தவர் ஹென்றி மார்ட்டின் 1822இல் பண்டத்தரிப்பில் பிறந்தவர். பேத்தி ஐடா ஸ்கடர் வேலூரில் மருத்துவமனை கட்டி, 1909இல் தாதியர் பயிற்சிப் பள்ளியையும் தொடங்கினார். ஸ்கடருக்குப் பின் 1847இல் வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார்.

2009இல் புதுமாத்தளன் பாடசாலையில் இயங்கிய தற்காலிக மருத்துவமனையை நினைக்கிறேன். மயக்க மருந்துக்கும் இரத்தப் பைகளுக்கும் தட்டுப்பாடு. செய்யத் தெரிந்த கைகள் இருந்தன, ஏற்றுவதற்குப் பொருள் இல்லை. ஸ்கடரின் காலத்தில் அறிவே இல்லை. நம் காலத்தில் அறிவு இருந்தும் மருந்து வந்து சேரவில்லை. முன்னதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. பின்னதற்கு அப்படியல்ல.

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். கனுலா இருந்த இடத்தில் சின்னக் கன்றல் மட்டும்.