கெயோர்க் கான்டர்

கெயோர்க் கான்டர் (1885–1940) ஜெர்மனியைச் சேர்ந்த மருத்துவர் ஆவார். சிறுநீரகம் செயலிழந்தவரின் வயிற்றறைச் சவ்வையே வடிகட்டியாகக் கொண்டு குருதியைத் தூய்மையாக்கும் வயிற்றறை டயாலிசிஸ் முறையை மனிதரிடம் முதன்முதலில் செய்து பார்த்தவராக அறியப்படுகிறார். இவர் ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் பணியாற்றினார்.

ஆய்வு

குடலைப் போர்த்தியுள்ள மெல்லிய சவ்வில் நுண்ணிய குருதிக்குழாய்கள் நிறைந்துள்ளன. வயிற்றறையில் உப்புநீரை நிரப்பினால் குருதியிலுள்ள யூரியா போன்ற கழிவுகள் சவ்வின் வழியே அந்நீரில் வந்து சேரும். நீரை வடித்தால் கழிவும் வெளியேறும். கான்டர் முயல்களிலும் கினிப்பன்றிகளிலும் சிறுநீரகங்களிலிருந்து சிறுநீரைக் கொண்டுசெல்லும் குழாய்களைக் கட்டிவிட்டு இதனைச் சோதித்தார். பின்னர், கருப்பைப் புற்றுநோயால் சிறுநீர் வழி அடைபட்ட ஒரு பெண்ணுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் உப்புநீரைச் செலுத்தினார். அவர் உடல்நிலை சற்றுத் தேறியது. ஆனால் இது தொடர்ந்து செய்யவேண்டிய சிகிச்சை என்பது அன்று தெளிவாகவில்லை. அப்பெண் பின்னர் இறந்தார். இவ்வாய்வுகள் 1923 இல் வெளியாயின. கிருமித்தொற்றே இம்முறையின் பெரிய இடர் என்பதை அப்போதே கான்டர் கண்டிருந்தார்.

அவர் காணாத சிக்கல்

1968 இல் டெங்காஃப் அமைத்த நிலையான வடிகுழாயும், 1976 இல் பாப்போவிச், மான்கிரீஃப் ஆகியோர் முன்வைத்த தொடர்முறையும் இச்சிகிச்சையை வீட்டிலேயே ஆண்டுக்கணக்கில் செய்துகொள்ள வழிவகுத்தன. இந்தியாவில் இத்தொடர்முறை 1991 இல் தொடங்கியது. இயந்திரம் வேண்டாமையால், ஆரணி போன்ற நெசவூர்களில் வாழ்வோரும் அடிக்கடி மருத்துவமனைக்குச் செல்லாமல் இதனை மேற்கொள்ள இயலும்.

ஆயினும் சவ்வு உயிருள்ள திசு. கரைசலிலுள்ள குளுக்கோசும் மீண்டும் மீண்டும் வரும் தொற்றும் அதனைத் தடிக்கச் செய்கின்றன. மிகச் சிலருக்கு அது தழும்பாகி, பட்டுப்புழுவைக் கூடு மூடுவது போலக் குடலை மூடி இறுக்குகிறது. ஆரணிப் பட்டின் மூலமான அதே கூட்டின் பெயரால்தான், டயாலிசிஸ் செய்யாதவர்களிடம் காணப்பட்ட இத்தகைய நிலையைச் சிங்கப்பூர் மருத்துவர்கள் 1978 இல் அழைத்தனர். டயாலிசிஸ் நோயாளிகளிடம் இது 1980 முதல் பதிவானது. வாந்தி, குடலடைப்பு, எடை குறைதல் ஆகியவை அறிகுறிகள். தொடக்கத்தில் இவை சாதாரண வயிற்றுக்கோளாறாகவே தோன்றுவதால் நோய் தாமதமாகவே அறியப்படுகிறது.

2004 இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில் 1,958 பேரில் 48 பேருக்கு இந்நோய் கண்டது; 15 ஆண்டுகளுக்கு மேல் சிகிச்சை பெற்றோரிடம் இது 17.2 விழுக்காடாக இருந்தது. ஸ்டீராய்டு, டமாக்சிஃபென் ஆகிய மருந்துகளும், தழும்பை உரித்துக் குடலை விடுவிக்கும் அறுவையும் பயன்படுத்தப்படுகின்றன. வயிற்றறை டயாலிசிஸை நிறுத்திய பின்னரும், மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய பின்னரும் கூட இந்நோய் தோன்றுவதுண்டு.